நோவா தேடுவதா, தெரிந்த விண்மீனைக் காவல் காப்பதா? மொட்டைமாடியில் வானம் பார்ப்பவருக்கு ஓர் ஒப்பீடு

2025 ஜூனில், இரண்டே வார இடைவெளியில், தென்வானத்தில் இரண்டு நோவாக்கள், அதாவது திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும் விண்மீன்கள், வெறுங்கண்ணுக்கு எட்டும் அளவுக்கு ஒளிர்ந்தன. லூபஸ் என்ற விண்மீன் குழுவில் தோன்றிய முதல் நோவாவை ஜூன் 12 அன்று பிடித்தது ஆசாஸ்-எஸ்என் என்ற தானியங்கிக் கேமரா வலைப்பின்னல். வெலா குழுவில் தோன்றிய இரண்டாவதை ஜூன் 25 அன்று பிடித்தவர் ஜான் சீச் என்ற ஆஸ்திரேலியர். கேமராவும் லென்சும் வைத்துக்கொண்டு பல வருடமாக வானத்தைப் படம்பிடித்து ஒப்பிட்டு வருபவர் அவர்.

ராத்திரி முழுக்க ரோபோக்கள் வானத்தைச் சலித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு என்ன மிச்சம் என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும் சொல்வது என் வழக்கம். மிச்சம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அது எங்கே என்று பார்க்காமல் பணத்தையும் தூக்கத்தையும் கொட்டினால், ஒரு வருடத்தில் டெலஸ்கோப் உறை போட்டு மூலைக்குப் போய்விடும். அதனால் வாங்கும் முன் கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது. வெண்குள்ளன் என்ற செத்த விண்மீன் தன் ஜோடி விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த வாயு நேரே விழாமல் ஒரு வட்டாகச் சுற்றும். வட்டு அவ்வப்போது நிலைகுலைந்து மொத்தமாக உள்ளே சரிந்தால் அது குறுநோவா. சில நாள் பிரகாசித்து அடங்கிவிடும், வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி வரும். விழுந்த ஹைட்ரஜன் வெண்குள்ளனின் மேற்பரப்பில் சேர்ந்து அணுக்கருப் பிணைவாகப் பற்றிக்கொண்டால் அது நோவா. விண்மீனே வெடித்துப் போனால் சூப்பர்நோவா. இவை தவிர, தானாகவே விரிந்து சுருங்கியோ தூசியைக் கக்கியோ ஒளி மாறும் விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கு 6 வரை தெரியும், 10x50 பைனாகுலரில் 9 வரை, எட்டு அங்குல டெலஸ்கோப்பில் 13 வரை. ஐந்து எண் வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு. இந்த அளவுகோலை 1856-ல் வகுத்த நார்மன் போக்சன், 1861-ல் மெட்ராஸ் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். 1891-ல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில்தான் வேலை. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அதாவது இந்தத் தொழில் நம் ஊருக்குப் புதிதில்லை.

கண்ணும் பைனாகுலரும்: தெரிந்த விண்மீன்களைக் காவல் காப்பது

ஏற்கெனவே பெயர் வைத்த, எப்போதாவது வெடிக்கும் என்று தெரிந்த விண்மீன்களை வாய்ப்புக் கிடைத்த ராத்திரியெல்லாம் பார்த்து, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, ஒரு எண்ணைக் குறித்து அனுப்புவது. வேலை இவ்வளவுதான். பெயர் வாங்கித் தருவதில் கடைசி இடம், பயன் நிச்சயத்தில் முதல் இடம்.

எப்படிச் செய்வது என்பதற்குத் திருவாதிரையை எடுத்துக்கொள்ளலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சாயங்கால வானத்தில் அதைத் தவறவிட முடியாது. இதன் ஒளி 0.5-க்குப் பக்கத்தில் ஏறி இறங்கும். ஒப்பிட, பிரோசியான் 0.4, ரோகிணி 0.9, புனர்பூசத்தின் இரண்டில் பெரியதான பொலக்ஸ் 1.1, ஓரியனின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை பிரோசியானைவிடக் கொஞ்சம் மங்கல், ரோகிணியைவிட நன்றாகப் பிரகாசம் என்று தோன்றினால், இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மனதில் பிரித்துப் பார்த்து 0.6 என்று எழுத வேண்டும். ஒரு எச்சரிக்கை: சிவப்பு விண்மீனை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குள் பிரகாசமாகிக்கொண்டே போகும். சட்டென்று பார்த்து சட்டென்று விலக வேண்டும். அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விண்மீனை உச்சியில் இருப்பதோடு ஒப்பிடவும் கூடாது, காற்று ஒளியைத் தின்றுவிடும். 2020 பிப்ரவரியில் திருவாதிரை 1.6 வரை மங்கி, பெல்லாட்ரிக்ஸோடு ஏறக்குறைய சமமானபோது, எந்தக் கருவியும் இல்லாமல் தெருவில் நின்றே பார்க்க முடிந்தது.

கணிப்பை அனுப்பும் இடம் ஏஏவிஎஸ்ஓ. அமெரிக்காவில் 1911-ல் தொடங்கிய மாறும் விண்மீன் பார்வையாளர் சங்கம். பார்வையாளர் குறியீடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் யாரும் அனுப்பலாம். ஒவ்வொரு விண்மீனுக்கும், ஒப்பிட வேண்டியவற்றின் எண்கள் குறித்த வரைபடத்தை அவர்களே தருகிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? எஸ்எஸ் சிக்னி என்ற குறுநோவாவைப் பாருங்கள். 1896-ல் ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் கண்டுபிடித்தது. சராசரியாக ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை 12-லிருந்து 8-க்கு எழும்பும். ஹப்பிள் தொலைநோக்கி இதன் தூரத்தை சுமார் 520 ஒளியாண்டு என்று அளந்தபோது பெரிய சிக்கல் வந்தது: அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இவ்வளவு பிரகாசிக்க வேண்டுமென்றால், வட்டு சரிவதாகச் சொல்லும் கோட்பாடே தப்பாகிவிடும். ரேடியோ தொலைநோக்கிகளால் இன்னும் துல்லியமாக அளக்கலாம். ஆனால் வெடிக்கும்போது மட்டும்தான் எஸ்எஸ் சிக்னி ரேடியோவில் தெரியும். எப்போது வெடிக்கிறது என்று சொன்னவர்கள் ஏஏவிஎஸ்ஓ-வின் பார்வையாளர்கள். 2013-ல் வந்த விடை சுமார் 370 ஒளியாண்டு, கோட்பாடு பிழைத்தது. அதே காலகட்டத்தில் ஹப்பிளின் புறஊதாக் கருவி நாற்பது குறுநோவா வகை விண்மீன்களைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கும் நேரத்தில் எதுவாவது வெடித்துவிட்டால் உணர்கருவிக்கே ஆபத்து. "இப்போது அமைதியாக இருக்கிறது, திருப்பலாம்" என்று பச்சைக்கொடி காட்டியவர்களும் கொல்லைப்புறத்தில் டெலஸ்கோப் வைத்திருந்தவர்கள்தான்.

காவல் காப்பவருக்கும் கண்டுபிடிப்பு வாய்க்கும். நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் வாழ்நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளைச் செய்தவர். 1987 பிப்ரவரியில், பால்வீதிக்குப் பக்கத்துக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தில் வழக்கமான விண்மீன்களைப் பார்க்கப் போனவர், அங்கே இருக்கக்கூடாத ஒன்றைக் கண்டார். சூப்பர்நோவா 1987ஏ-யைத் தனித்துக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

எதிர்மறைக் கதையும் உண்டு. டி கொரோனா போரியாலிஸ் என்ற நோவா 1866-ல் வெடித்தது. சாதாரண நாளில் 10, வெடித்தால் 2. மறுபடி வெடிக்கும் என்று ஒஹையோவின் லெஸ்லி பெல்டியர் 25 வருடத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1946 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, ஜலதோஷம் பிடிப்பதுபோல் இருக்கிறதே என்று திரும்பப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் வெடித்தது. எண்பது வருடக் கணக்கு என்பதால் 2024 முதலே உலகம் முழுக்க ஆட்கள் அதை விடாமல் பார்த்து வருகிறார்கள். நம் ஊரில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வசதி. சுவாதிக்குக் கிழக்கே அரைவட்டமாக ஒரு மகுடம் தெரியும், அதன் கிழக்கு ஓரத்தை ஒட்டி.

நம் அட்சரேகைக்கு இன்னும் வசதியானது யு ஸ்கார்ப்பி. விருச்சிகத்தில் இருக்கிறது, 1999, 2010, 2022 என்று ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெடிக்கிறது. மற்ற நாட்களில் 18-வது மேக்னிட்யூடில் நமக்குத் தெரியவே தெரியாது. வெடித்தால் பைனாகுலருக்கு வந்துவிடும், ஆனால் ஒரு நாளில் சுமார் ஒரு மேக்னிட்யூட் இறங்கிவிடும். அதாவது வெறும் இடத்தைப் பார்த்து "இல்லை" என்று எழுதும் வேலை. அந்த "இல்லை"யும் தரவுதான், எத்தனை மணிக்கு இல்லை என்பதிலிருந்துதான் வெடிப்பின் தொடக்கத்தைக் கணிக்கிறார்கள்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கண் கணிப்பில் 0.1, 0.2 பிசகு சாதாரணம். 11-லிருந்து 18 வரை உள்ள விண்மீன்களை இப்போது ரோபோக்கள் மேகமில்லாத ராத்திரியெல்லாம் அளக்கின்றன. அந்த எல்லைக்குள் மெதுவாக மாறும் விண்மீன்களைக் கண்ணால் பார்ப்பதன் மதிப்பு முன்பு போல் இல்லை. பிரகாசமானவற்றில்தான் நமக்கு இடம், ரோபோக் கேமராக்களுக்கு அவை தெவிட்டிப்போகும், அதாவது ஒளி மிஞ்சி அளக்க முடியாமல் போகும்.

செலவு என்று பார்த்தால் பத்தாயிரம் ரூபாய் சுற்றில் ஒரு பைனாகுலர். ஒரு விண்மீனுக்கு ஐந்து நிமிடம். இன்றைய வங்கதேசத்தின் ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரா, மூன்று அங்குல டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு 1918-ன் நோவா அக்விலேயைத் தானாகவே கண்டார். பிறகு ஏஏவிஎஸ்ஓ-வுக்குப் பல்லாயிரம் கணிப்புகளை அனுப்பினார். அவர்கள் 1926-ல் அவருக்கு ஆறு அங்குல டெலஸ்கோப் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

கேமராவோடு நோவா ரோந்து

கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு நான் கைகாட்டுவது இந்தப் பக்கம்தான்.

நம் பால்வீதியில் வருடத்துக்குப் பத்து நோவா போலக் கண்டுபிடிக்கிறார்கள். உண்மையில் வெடிப்பவை அதைப் போல் சில மடங்கு என்பது கணிப்பு. மிச்சம் தூசிக்குப் பின்னாலும் சூரியனுக்குப் பக்கத்திலும் போய்விடுகின்றன. இவற்றில் பெரும்பங்கு வெடிப்பது தனுசு, விருச்சிகம், ஒஃபியூக்கஸ் பக்கம், பால்வீதியின் மையத்தைச் சுற்றி. இங்கேதான் நமக்குப் பிறப்பிலேயே ஒரு சலுகை. பால்வீதி மையம் லண்டனில் அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைகூட எழும்பாது. டோக்கியோவில் 25. திருச்சியில் 50 பாகை உயரத்தில் நிற்கும். ஜப்பானியர்கள் அந்த 25 பாகையை வைத்துக்கொண்டே வரிசையாக நோவா பிடித்துத் தள்ளுகிறார்கள்.

பருவம்தான் வில்லன். தனுசு நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூன், ஜூலையில். அப்போது நமக்கு மேகம். பிப்ரவரி முதல் மே வரை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பவருக்குத்தான் தெளிந்த வானம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் சாயங்காலம் மேற்கே கொஞ்சம் கிடைக்கும்.

கருவி எளியது. ஜப்பானின் யுஜி நகமுரா 2021 மார்ச் 18 அன்று காசியோப்பியாவில் வி1405 காஸ் என்ற நோவாவைப் பிடித்தது 135 மில்லிமீட்டர் லென்ஸில், 15 விநாடி எடுத்த படங்களில். அப்போது அது 9.6, மே மாதம் வெறுங்கண்ணுக்கு வந்தது. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 50 அல்லது 85 அல்லது 135 லென்ஸ், விண்மீன்களின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் சின்ன டிராக்கர் ஒன்று இருந்தால் போதும். வெறும் ட்ரைபாட் என்றால் 50 லென்ஸில் ஐந்தாறு விநாடிக்கு மேல் விண்மீன்கள் கோடாக இழுத்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே இப்படி 10 வரை எட்டலாம்.

படமெடுப்பது பத்து நிமிட வேலை. நேரத்தையெல்லாம் தின்பது அதற்கப்புறம் வரும் வேலைதான். அன்றைய படத்தையும் பழைய படத்தையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிச் சிமிட்ட வேண்டும். தனுசில் ஒரு படத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் உடனே குதிக்கக்கூடாது. அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் இருக்கிறதா? கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி எடுத்தாலும் விண்மீன்களோடு சேர்ந்தே நகர்கிறதா? இல்லையென்றால் அது சென்சாரில் ஒரு கெட்ட பிக்சல், அல்லது பக்கத்துப் பிரகாச விண்மீன் லென்ஸுக்குள் பட்டுத் தெறித்த பிம்பம். இரண்டிலும் தேறினால், அந்த இடத்தில் ஏற்கெனவே தெரிந்த மாறும் விண்மீன் இருக்கிறதா என்று ஏஏவிஎஸ்ஓ-வின் பட்டியலில் தேட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட "நோவா"க்கள் மாதக்கணக்கில் ஒளி ஏறி இறங்கும் மீரா வகை விண்மீன்கள் உச்சத்துக்கு வந்ததாகத்தான் முடியும். பிறகு சிறுகோள்கள். தனுசும் விருச்சிகமும் கோள்கள் நடமாடும் பாதையிலேயே இருப்பதால் வெஸ்டாவும் செரஸும் அடிக்கடி ஏமாற்றும்.

கோள்களும்தான். 2018 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர், தனுசில் மிகப் பிரகாசமான புதிய பொருள் ஒன்று தோன்றியிருப்பதாக உலகத்துக்கே தந்தி அறிவிப்பு விட்டார். சிறிது நேரத்தில் இன்னொரு அறிவிப்பு: அது செவ்வாய். அறிவிப்பை வெளியிட்டவர்கள் அவருக்குச் செவ்வாயைக் கண்டுபிடித்ததற்கு விளையாட்டாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். தொழில்முறை ஆளுக்கே இந்தக் கதி என்றால், நாம் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

எல்லாம் தேறினால் நேரம், இடம், பிரகாசம், படத்தோடு சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வானியல் தந்தி மையத்துக்கு அனுப்ப வேண்டும். காலையில் காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விடுவது ஆகாது. 2021 ஜூன் 12 அன்று செய்ஜி உவேதா கண்டுபிடித்த வி1674 ஹெர்குலிஸ், சில மணி நேரத்தில் 6-ஐத் தொட்டு, ஒரு நாள் சுற்றிலேயே இரண்டு மேக்னிட்யூட் இறங்கிவிட்டது.

ரோபோக்களோடு போட்டி இங்கேயும் இருக்கிறது. ஆசாஸ்-எஸ்என் 14 சென்டிமீட்டர் லென்ஸ்களை ஹவாய், சிலி, டெக்சாஸ், தென்னாப்பிரிக்கா, சீனா என்று பரப்பி வைத்திருக்கிறது. ஆனால் 8-ல், 7-ல் எழும்பும் நோவா அதன் படத்தில் தெவிட்டிப்போன ஒரு வெள்ளைத் திட்டாக விழும். அங்கெல்லாம் மேகம் மூடும் நாளும் உண்டு. அந்தச் சந்தில்தான் சீச்சும் நகமுராவும் நுழைகிறார்கள். வருடக்கணக்காக ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். அதைத் தாங்குபவர்தான் இதற்கு ஆள்.

கேலக்ஸிகளில் சூப்பர்நோவா

பளபளப்பு இதில்தான் அதிகம், பலரும் முதலில் ஆசைப்படுவதும் இதற்குத்தான். நான் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒரு காலத்தில் இது மனிதர்களின் களம். ஆஸ்திரேலியாவின் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் முகத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். டெலஸ்கோப்பைத் திருப்பி ஒரு பார்வை பார்த்து, புதுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அப்படி வெறும் கண்ணாலேயே சுமார் 40 சூப்பர்நோவா. பிறகு கேமரா வந்தது. இங்கிலாந்தின் டாம் போல்ஸ் 150-க்கும் மேல், ஜப்பானின் கொய்ச்சி இடகாகி 170-க்கும் மேல் என்று போனது.

இப்போது அட்லஸ், இசட்டிஎஃப் என்ற தானியங்கித் தேடல்கள் சில நாளுக்கு ஒருமுறை தங்கள் வானத்தை முழுவதும் துடைக்கின்றன. இசட்டிஎஃப் கலிஃபோர்னியாவில் பாலமர் வானாய்வகத்தின் 48 அங்குலத் தொலைநோக்கியில் 20-வது மேக்னிட்யூடைத் தாண்டிப் பார்க்கிறது. புதிய பொருள்களுக்குப் பெயர் தரும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் வருடத்துக்கு 20,000-க்கு மேல் பதிவுகள் விழுகின்றன. சிலியில் ரூபின் வானாய்வகத்தின் 8.4 மீட்டர் கண்ணாடியும் சேர்ந்துவிட்டது. பத்து அங்குல டெலஸ்கோப், அதைத் தாங்கும் மவுண்ட், குளிர்விக்கும் கேமரா என்று லட்சங்களைப் போட்டு 17-வது மேக்னிட்யூடில் இவர்களோடு மல்லுக்கட்டுவது வீண்.

விதிவிலக்குகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். 2023 மே 19 அன்று எம் 101 என்ற கேலக்ஸியில் சூப்பர்நோவாவைக் கண்டது எந்த ரோபோவும் இல்லை, இடகாகிதான், 14.9-ல் பிடித்தார், சில நாளில் 11-க்கு வந்தது. 2014 ஜனவரியில் எம் 82-ல் வெடித்தது, ஏறக்குறைய ஒரு வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, லண்டனில் மேகம் மூடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் மாணவர்களுக்குத் தொலைநோக்கி இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டீவ் ஃபாசியிடம் மாட்டியது. 2016-ல் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் புசோ புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613-ஐத் தொடர்ந்து படமெடுத்தபோது, விண்மீன் வெடித்த முதல் ஒளியே அவர் படங்களில் ஏறியது. இந்த மூன்றும் ஒப்பீட்டளவில் பக்கத்தில் இருக்கும் பிரகாசமான கேலக்ஸிகள். ஏற்கெனவே டெலஸ்கோப்பும் கேமராவும் வைத்திருப்பவர் எம் 101, எம் 82, எம் 83, எம் 51, என்ஜிசி 253 போல இருபது முப்பதைப் பட்டியல் போட்டு, கேலக்ஸி படமெடுக்கும் சாக்கில் ஒவ்வொரு முறையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுவிட்டால் கூடுதல் செலவே இல்லை. அதற்காகவே டெலஸ்கோப் வாங்குவதுதான் கூடாது.

ஸ்மார்ட் டெலஸ்கோப்பும் அளவீடும்

சீஸ்டார் போன்ற பெட்டி டெலஸ்கோப்புகள் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. அரை லட்சத்துக்கு மேல் ஆகும். மாடியில் வைத்து ஃபோனில் விண்மீன் பெயரைத் தட்டினால் அதுவே தேடிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிமீட்டர் அகல லென்ஸ்தான், ஆனாலும் நகர விளக்குகளுக்கு நடுவிலும் 12, 13 வரை அளக்க முடியும். அழகுக்காகச் சேர்த்துத் தரும் படத்தை விட்டுவிட்டு, தனித்தனி ஃபிட்ஸ் கோப்புகளை, அதாவது மெருகேற்றாத மூலப் படங்களைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். அதில் பச்சை வண்ணத்தை மட்டும் பிரித்து, ஒப்பீட்டு விண்மீன்களோடு அளந்தால் நூற்றில் சில பங்கு துல்லியம் வரும். கண்ணால் கனவிலும் முடியாதது. இப்படி அளக்கும் மென்பொருள்களான அஸ்டாப், அஸ்ட்ரோஇமேஜ்ஜே இரண்டுமே இலவசம்.

இதன் உண்மையான பலம் தொடர் அளவீடு. டபிள்யூஇசட் சஜிட்டே போன்ற குறுநோவாக்கள் 1913, 1946, 1978, 2001 என்று எப்போதாவது வெடிக்கும்; வெடித்தால் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒளி ஏறி இறங்கும். அந்தத் துடிப்பை இடைவிடாமல் பதிவு செய்ய ஒரு ஊர் போதாது. ஜப்பானில் விடிந்த பிறகு ஐரோப்பாவில் இருட்டும்வரை நடுவில் யாராவது வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நம் தீர்க்கரேகையில் ஆள் குறைவு. கண்டுபிடிப்பில் கிடைக்காத மதிப்பு இந்த இடைவெளியை நிரப்புவதில் கிடைக்கிறது.

கோப்புகள் குவியும், அளவீடு கற்றுக்கொள்ள ஒரு மாதம் போல ஆகும், வானத்தில் எது எங்கே என்பது மட்டும் மனதில் ஏறவே ஏறாது. என் மனக்குறை இந்தக் கடைசி விஷயம்தான்.

திரையில் தேடுவது, வாடகைக்கு எடுப்பது

டெலஸ்கோப்பே வேண்டாம், மழைக்காலத்திலும் செய்ய வேண்டும் என்பவருக்கு கிலோநோவா சீக்கர்ஸ் போன்ற பொதுமக்கள் திட்டங்கள் உண்டு. கோட்டோ என்ற தானியங்கித் தொலைநோக்கிகள் எடுத்த படங்களை, எடுத்த சில மணி நேரத்துக்குள் ஃபோனில் பார்த்து உண்மையா கோளாறா என்று சொல்ல வேண்டும். இப்படித்தான் ஒரு விண்மீன் இரண்டே நாளில் 2,500 மடங்கு பிரகாசித்ததைப் படம் எடுத்த மூன்றரை மணி நேரத்தில் தன்னார்வலர்கள் பிடித்தார்கள். பேருந்தில் போகும்போதே செய்யலாம். வெளிநாட்டு டெலஸ்கோப்பை நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுப்பதும் உண்டு; சந்தேகப் புள்ளியை அன்றே உறுதிப்படுத்திக்கொள்ள உதவும், தினசரி ரோந்துக்குக் கட்டுப்படியாகாது.

சரி, எதை எடுப்பது?

சென்னை, கோவை, மதுரை நடுவில் ஃபிளாட்டில் இருப்பவர், மாடிக்குச் சாவி கிடைக்கும் என்றால் ஸ்மார்ட் டெலஸ்கோப். தெருவிளக்கு எல்இடி-க்கு மாறிய பிறகு நகரத்தில் பைனாகுலர் காவல் பிரகாசமான பத்துப் பன்னிரண்டு விண்மீனோடு நின்றுவிடுகிறது. கேமரா ரோந்தில் பின்புல வெளிச்சமே படத்தை மூழ்கடித்துவிடும்.

ஊர்ப்புறத்தில் இருட்டு வானம் வாய்த்தவர், விடியற்காலை எழும் பழக்கமும் உள்ளவர் என்றால் நோவா ரோந்துதான், இரண்டாவது யோசனையே வேண்டாம். தஞ்சை டெல்டாவிலோ ராமநாதபுரம் பக்கமோ தெற்கு அடிவானம் திறந்த ஒரு வயல் வரப்பு, ஜப்பானில் எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. டிராக்கருக்கும் பழைய கேமராவுக்கும் சேர்த்து முப்பது நாற்பதாயிரத்தில் முடித்துக்கொள்ளலாம்.

வாரத்தில் எத்தனை இரவு கிடைக்கும் என்றே சொல்ல முடியாத ஷிஃப்ட் வேலைக்காரர் பைனாகுலரும் பத்து விண்மீன் பட்டியலும் வைத்துக்கொள்ளட்டும். விட்டுப்போன நாளுக்கு இங்கே தண்டனை இல்லை. ரோந்தில் ஒரு வாரம் விட்டால் அந்த வாரத்தின் நோவா போய்விடும்.

ஐம்பதாயிரம் கையில் இருக்கிறது, எதிலும் இன்னும் கால் வைக்கவில்லை என்பவர் முதலில் பைனாகுலர் மட்டும் வாங்கி, மிச்சத்தை வங்கியில் போட்டுவிட்டு, ஒரு பருவம் முழுக்கத் திருவாதிரையையும் டி கொரோனா போரியாலிஸையும் யு ஸ்கார்ப்பி இருக்கும் வெற்றிடத்தையும் பார்க்கலாம். மே மாதத்திலும் மூன்று மணிக்கு எழுந்துகொண்டிருந்தால் மிச்சப் பணத்தில் கேமரா, இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஸ்மார்ட் டெலஸ்கோப்.